இருபது முகப் பகடையும் சூதும் ஒன்றா?

ஆசிரியருக்கு வணக்கம்.

போன ஞாயிற்றுக்கிழமை நம் நாளிதழில் ஆன்லைன் ரம்மியில் பணத்தை இழந்த குடும்பங்களைப் பற்றி ஒரு செய்தி வந்திருந்தது. தேவையான செய்திதான், அதில் எனக்கு மறுபேச்சு இல்லை. ஆனால் பக்கத்தில் போட்டிருந்த படம் இருபது முகம் கொண்ட ஒரு பகடை. அதற்குக் கீழே கணினி விளையாட்டு, பகடை விளையாட்டு எல்லாவற்றையும் ஒரே மூட்டையாகக் கட்டி 'சூது மோகம்' என்று எழுதியிருந்தீர்கள். அந்த இருபது முகப் பகடையை நான் பதினைந்து வருடமாக உருட்டுகிறேன், ஒரு ரூபாய்கூடப் பந்தயம் வைத்ததில்லை. படித்ததிலிருந்து மனம் ஆறவில்லை, அதனால்தான் இந்தக் கடிதம்.

எனக்கு இது கணினியில் ஆரம்பித்தது. 2003, கல்லூரி விடுதி, அறைத் தோழனின் கணினி, பால்டர்ஸ் கேட் என்ற விளையாட்டு. 1998இல் வந்தது, மொத்தம் ஐந்து சிடி, கதையில் ஒரு பகுதியிலிருந்து இன்னொரு பகுதிக்கு நடந்தால் அடுத்த சிடியைப் போடச் சொல்லும். அதில் ஒரு விஷயம் எனக்கு மாதக்கணக்கில் புரியவே இல்லை. கவசத்துக்கு ஓர் எண் உண்டு, அது எவ்வளவு குறைகிறதோ அவ்வளவு பாதுகாப்பு, வெற்று உடம்புக்கு 10, நல்ல இரும்புக் கவசம் போட்டால் 3. தாக்குகிறவருக்குத் தாக்கோ என்று இன்னோர் எண். தாக்கோவிலிருந்து எதிரியின் கவச எண்ணைக் கழித்து, வருகிற எண்ணையோ அதற்கு மேலோ இருபது முகப் பகடையில் எடுக்க வேண்டும். தாக்கோ 20, கவசம் 5 என்றால் 15 விழுந்தாக வேண்டும். ஏன் இப்படித் தலைகீழாகக் கணக்கு வைத்திருக்கிறார்கள் என்று தேடிப் போனபோதுதான் தெரிந்தது, இது கணினிக்காக எழுதிய விதியே இல்லை. மேசையைச் சுற்றி உட்கார்ந்து மனிதர்கள் விளையாடிய ஒரு விளையாட்டின் விதிகளை உள்ளே இறக்கியிருக்கிறார்கள், ஒவ்வொரு வெட்டுக்கும் திரைக்குப் பின்னால் கணினி பகடை உருட்டிக்கொண்டிருக்கிறது. அந்த மேசையில் போய் உட்கார வேண்டும் என்ற ஆசை அன்றைக்குப் பிடித்துக்கொண்டது.

அந்த விளையாட்டின் பெயர் டஞ்சன்ஸ் அண்ட் டிராகன்ஸ். அமெரிக்காவில் விஸ்கான்சின் மாநிலத்தில் லேக் ஜெனீவா என்ற சிறிய ஊர், அங்கே கேரி கைகாக்ஸ் என்பவர் வீட்டில் செருப்புத் தைத்துக்கொண்டே போர் விளையாட்டுகளுக்கு விதி எழுதிக்கொண்டிருந்தார். பொம்மைப் படைகளை மேசையில் நிறுத்தி நகர்த்துகிற விளையாட்டுகள் அவை. டேவ் ஆர்னெசன் என்ற இன்னொருவர், படை எதற்கு, ஆளுக்கு ஒரு பாத்திரம் போதும், அவர் என்ன செய்கிறார் என்று சொல்லிக்கொண்டே போகலாம் என்று விளையாடிப் பார்த்தார். இரண்டும் சேர்ந்து 1974இல் மூன்று சிறு புத்தகங்களாக ஒரு பெட்டியில் வந்தன. முதல் பதிப்பு ஆயிரம் பிரதிதான். கணினி விளையாட்டுக்கும் இதற்கும் உறவு அப்போதே தொடங்கிவிட்டது. 1976இல் வில் க்ரௌதர் என்ற கணினி நிரலாளர், தான் இறங்கிப் பார்த்த கென்டக்கி குகைகளையும் நண்பர்களோடு விளையாடிய இந்த விளையாட்டையும் மனதில் வைத்து, தன் இரண்டு மகள்களுக்காக ஒரு விளையாட்டு எழுதினார். படமே கிடையாது. வடக்கே போ, விளக்கை எடு என்று தட்டச்சு செய்தால் எழுத்திலேயே பதில் வரும். பிரிந்துபோன குடும்பத்தில் ஓர் அப்பா பிள்ளைகளுக்காகச் செய்தது என்பதால் எனக்கு அதன்மேல் தனிப் பிரியம்.

சரி, மேசையில் என்னதான் நடக்கிறது? நாங்கள் ஐந்து பேர். ஒரு மருந்துக்கடைக்காரர், ஒரு பள்ளி ஆசிரியை, லேத் பட்டறை வைத்திருக்கும் ஓர் அண்ணன், என் தங்கை, நான். சனிக்கிழமை இரவு சாப்பிட்டு முடித்து எங்கள் வீட்டுக் கூடத்தில் பாய் விரித்து உட்காருவோம். கதை சொல்வது என் பொறுப்பு. மற்ற நால்வரும் ஆளுக்கு ஒரு பாத்திரம். அவர்கள் செய்ய நினைப்பது நடக்குமா நடக்காதா என்று சந்தேகம் வரும் இடத்தில் மட்டும் பகடை.

இரண்டு வருடத்துக்கு முன்னால் நான் ஒரு கதை வைத்தேன். பழைய காலத்து ஊர், ஒரு பெரிய ஏரி, மடையை அடைத்துக் காவல் போட்டு வைத்திருக்கிறான் ஒரு குறுநிலத் தலைவன், கீழே பயிர் காய்கிறது. நால்வரும் காவலை உடைத்துச் சண்டை போடுவார்கள் என்று நினைத்து மூன்று வாரத்துக்கு வரைபடம் எல்லாம் போட்டு வைத்திருந்தேன். லேத் அண்ணன் வழக்கமாக அதிகம் பேச மாட்டார். அன்றைக்கு மெதுவாக, "இந்த ஏரிக்கு நீர்க்கட்டி யாரு?" என்று கேட்டார். நீர்க்கட்டி என்றால் மடையைத் திறந்து மூடி வயல்களுக்கு நீர் பங்கிடுகிறவர். எனக்குப் பதில் தெரியவில்லை. அவருடைய தாத்தா அவர்கள் ஊர்க் கண்மாயில் நீர்க்கட்டியாக இருந்தவராம், இத்தனை வருடப் பழக்கத்தில் அன்றைக்குத்தான் அதைச் சொன்னார். அப்புறம் அரை மணி நேரம் நாங்கள் விளையாடவே இல்லை, அவர் சொல்லச் சொல்லக் கேட்டுக்கொண்டிருந்தோம். பழைய ஏரிகளில் குமிழித் தூம்பு என்று ஒரு வகை மடை உண்டு, கரையிலிருந்து தள்ளி நீருக்குள்ளேயே நிற்கும், ஆள் நீந்திப் போய் அடைப்பைத் தூக்க வேண்டும். மேலே இருப்பது நீரோடித் துளை, தெளிந்த நீர் அதில் இறங்கும். தரையோடு இருப்பது சேறோடித் துளை, அது வண்டலை இழுத்துக்கொண்டு போகும். காவல் எல்லாம் கரையில்தானே, நான் இருட்டில் நீந்திப் போய் நீரோடியைத் திறக்கிறேன் என்றார்.

பகடையில் பதினான்கோ அதற்கு மேலோ விழ வேண்டும் என்றேன். இருபதில் ஏழு வாய்ப்பு. விழுந்தது மூன்று.

கணினியாக இருந்தால் 'தோல்வி' என்று காட்டிவிட்டுப் பழைய இடத்துக்கே திருப்பி அனுப்பியிருக்கும். நான் சொன்னேன், இருட்டில் தடவி அவர் திறந்தது சேறோடியை. வாய்க்கால் முழுக்கக் கலங்கல், விடிந்ததும் தலைவனின் ஆட்கள் பார்த்துவிடுவார்கள், ஆனால் வயலுக்கு வண்டலும் சேர்ந்து போகிறது. அடுத்த நான்கு வாரக் கதை அந்த மூன்றிலிருந்து பிறந்தது. நான் போட்ட வரைபடத்தை யாரும் தொடவே இல்லை, அதில் எனக்கு ஒரு வருத்தமும் இல்லை.

பகடை என்றாலே சூது என்பது நம் வீட்டுக்குள்ளேயே பொய்யான பேச்சு. பித்தளைத் தாயக்கட்டை இல்லாத வீடு எங்கள் தெருவில் கிடையாது. இரண்டு கட்டை, ஒவ்வொன்றுக்கும் நான்கு முகம், ஒரு முகம் வெறுமை, மற்றவற்றில் ஒன்று, இரண்டு, மூன்று. இரண்டையும் உருட்டினால் பதினாறு விதமாக விழலாம், அதில் இரண்டு விதம்தான் தாயம். எட்டில் ஒரு வாய்ப்புக்காக எத்தனை மத்தியானம் என் பாட்டி காத்திருந்திருக்கிறார்! யாரும் அவரைச் சூதாடி என்று சொன்னதில்லை. எங்களுக்கு இருபது முகப் பகடை கிடைக்காத முதல் மாதத்தில் அந்தத் தாயக்கட்டையை வைத்துத்தான் விளையாடினோம்.

கணினி விளையாட்டிலும் குறை உண்டு, மறைக்கவில்லை. உள்ளே என்ன இருக்கிறது என்று தெரியாத பெட்டியைக் காசு கொடுத்துத் திறக்கச் சொல்லும் கைபேசி விளையாட்டுகள் சூதுக்கு அடுத்த வீடு. அவற்றைத் தாராளமாகத் திட்டி எழுதுங்கள், நானும் கையெழுத்துப் போடுகிறேன். ஆனால் 2023இல் டொராண்டோவிலிருந்து வெண்பா என்று ஒரு விளையாட்டு வந்தது தெரியுமா? 1980களில் கனடாவுக்குக் குடிபெயர்ந்த ஒரு தமிழ்க் குடும்பம், அம்மா கொடுத்த சமையல் குறிப்புப் புத்தகம் அங்கங்கே சிதைந்திருக்கிறது, விட்டுப்போன வரிகளை ஊகித்து நாமே இட்லி வேகவைக்க வேண்டும். ஒரே இரவில் முடித்துவிடலாம். என் அம்மாவைப் பக்கத்தில் வைத்துக்கொண்டுதான் விளையாடினேன், குறிப்பில் இல்லாததை எல்லாம் அவர்தான் சொன்னார். இதையும் ரம்மியையும் எப்படி ஒரே வார்த்தையில் சொல்வது?

சட்டம்கூடப் பிரித்துத்தான் பேசுகிறது. தமிழ்நாட்டில் 2023 ஏப்ரலில் ஆளுநர் ஒப்புதல் கிடைத்த சட்டத்தின் பெயரிலேயே சூதாட்டத்துக்குத் தடை, விளையாட்டுக்கு ஒழுங்குமுறை என்று இரண்டும் தனித்தனியாக இருக்கின்றன. 2025 ஆகஸ்டில் நாடாளுமன்றம் நிறைவேற்றிய சட்டம் பணம் கட்டி ஆடுவதைத் தடை செய்கிறது, மற்ற விளையாட்டுகளை வேறாக வைக்கிறது. பத்திரிகையில் மட்டும் ஏன் எல்லாம் ஒன்றாகிறது? போன ஞாயிறு உங்கள் செய்தியைப் படித்துவிட்டு ஆசிரியையின் மாமியார், இனி அந்த வீட்டுக்குப் போகாதே என்று சொல்லியிருக்கிறார். நேற்று ஆசிரியை வரவில்லை. நாலு பேர் உட்கார்ந்து தேநீர் குடித்துவிட்டு எழுந்துவிட்டோம்.

அதனால் இரண்டு கேட்கிறேன். பணம் வைத்து ஆடுவதைப் பற்றி எழுதும்போது சூதாட்டம் என்றே எழுதுங்கள், பகடைப் படம் போட வேண்டாம். இன்னொன்று, உங்கள் செய்தியாளர் ஒருவரை ஒரு சனிக்கிழமை இரவு எங்கள் வீட்டுக்கு அனுப்புங்கள். விதிகள் தெரிந்திருக்க வேண்டியதில்லை, பகடை நான் தருகிறேன். ஒன்பது மணிக்குத் தொடங்குவோம்.

இப்படிக்கு,
ஒரு வாசகர்,
மதுரை