தலைக்கு மேலே தண்டவாளம்

நிஷி-கமகுரா, ஜப்பான்
17.11.2024

அன்புள்ள அப்பாவுக்கும் அம்மாவுக்கும்,

வணக்கம். நான் இங்கு நலமாக இருக்கிறேன். உங்கள் நலத்தையும், அம்மாவின் முழங்கால் வலி குறைந்திருக்கிறதா என்பதையும் அறிய ஆவல். சென்ற வாரம் தொலைபேசியில் பேசும்போது, நான் வேலைக்குப் போகும் ரயில் தண்டவாளத்துக்குக் கீழே தொங்கிக்கொண்டு ஓடுகிறது என்று சொன்னவுடன், "அப்படியானால் சக்கரம் எங்கே இருக்கிறது?" என்று அப்பா கேட்டீர்கள். நான் வாய் திறப்பதற்குள் அம்மா தொலைபேசியை வாங்கி, "அறுந்து விழுந்தால் என்னடி செய்வாய்?" என்று கேட்டீர்கள். பொன்மலை ரயில் பணிமனையில் முப்பத்திரண்டு ஆண்டுகள் சக்கரத்தோடும், சக்கரங்களைத் தாங்கும் சட்டமான போகியோடும் உழைத்த அப்பாவுக்கு அரைகுறையாகப் பதில் சொல்ல எனக்கு மனம் வரவில்லை. ஆகவே உட்கார்ந்து எழுதுகிறேன்.

நான் ஏறும் தடத்துக்கு ஷோனான் மோனோரயில் என்று பெயர். ஒஃபுனா என்னும் பெரிய சந்திப்பிலிருந்து கடற்கரையில் உள்ள ஷோனான்-எனோஷிமா வரை 6.6 கிலோமீட்டர் தூரம், 8 நிலையங்கள், 14 நிமிடப் பயணம். ஒஃபுனாவிலிருந்து நான் குடியிருக்கும் நிஷி-கமகுரா வரையிலான பகுதி 1970ஆம் ஆண்டு மார்ச் மாதத்திலும், மீதித் தடம் 1971ஆம் ஆண்டு ஜூலை மாதத்திலும் திறக்கப்பட்டன. சுற்றுலாப் பயணிகளுக்காக ஓடும் வேடிக்கை வண்டி என்று நினைத்துவிடாதீர்கள். காலையில் அதில் நிற்பவர்கள் பள்ளிச் சீருடைப் பிள்ளைகளும், என்னைப்போல் தொழிற்சாலைக்குப் போகிறவர்களும், காய்கறிப் பையோடு திரும்பும் பாட்டிமார்களும்தான். பகலில்கூட ஏழெட்டு நிமிடத்துக்கு ஒரு வண்டி வந்துவிடுகிறது.

இனி அப்பாவின் கேள்விக்கு வருகிறேன். சாலையின் ஓரத்தில் நட்ட எஃகுத் தூண்களின் மேல், உள்ளே வெற்றிடமாக உள்ள ஒரு நீண்ட எஃகுப் பெட்டி உத்தரம் ஊர்முழுவதும் போகிறது என்று எண்ணிக்கொள்ளுங்கள். அந்தப் பெட்டியின் அடிப்பக்கத்தில் மட்டும் நடுவே நீளவாக்கில் ஓர் இடைவெளி விட்டிருக்கிறார்கள். போகி அந்தப் பெட்டிக்குள்ளேயே இருக்கிறது. அதன் சக்கரங்கள் இரும்பு அல்ல, லாரிக்குப் போடுவதுபோன்ற ரப்பர் டயர்கள். இடைவெளியின் இரு புறமும் உள்ள எஃகுத் தளத்தின் மேல் அவை உருள்கின்றன. நம் ரயிலில் சக்கரத்தின் ஓரத்தில் நீட்டி நிற்கும் விளிம்பான ஃபிளேஞ்ச் செய்யும் வேலையை இங்கே படுக்கைவாட்டில் பொருத்திய சிறு டயர்கள் செய்கின்றன. அவை பெட்டியின் பக்கச் சுவர்களில் உருண்டபடி போகியை நேராகப் பிடித்துக்கொள்கின்றன. மோட்டாரும் அந்த போகியிலேயே இருக்கிறது. 1500 வோல்ட் நேர்திசை மின்சாரம் பெட்டிக்குள் ஓடும் மின்தண்டவாளத்திலிருந்து வருகிறது. போகியிலிருந்து அந்த இடைவெளி வழியாகக் கீழே இறங்கும் இணைப்புகளில்தான் பயணிகள் பெட்டி தொங்குகிறது. நீங்கள் காலமெல்லாம் குனிந்து பார்த்த பொருளை இங்கே அண்ணாந்து பார்க்க வேண்டும், அப்பா.

இதிலேயே அம்மாவின் கேள்விக்கும் விடை இருக்கிறது. போகியின் அகலம் அந்த இடைவெளியைவிடப் பெரியது. ஆகையால் அது கீழே நழுவுவதற்கு வழியே இல்லை. தடம்புரளுதல் என்று நாம் பயப்படும் விபத்து இந்த அமைப்பில் நடக்க இடமில்லை. மழை பெய்தாலும் பனி கொட்டினாலும் டயர் ஓடும் தளம் நனையாது, ஏனென்றால் அது மூடிய பெட்டியின் உள்ளே இருக்கிறது. பலத்த காற்று வீசினால் மட்டும் வண்டியை நிறுத்தி வைப்பார்கள். தொங்கும் பொருள் காற்றில் ஆடும் என்பது அவர்களுக்குத் தெரியும். புயல் நாளில் நானே பேருந்துக்காக வரிசையில் நின்றிருக்கிறேன். அப்படி நிறுத்துவதை நான் நல்லதாகவே கருதுகிறேன், அம்மாவும் கருதலாம்.

முதல் நாள் ஏறியபோது மேல்கம்பியை இரண்டு கையாலும் பிடித்துக்கொண்டு நின்றேன் என்பதை மறைக்க மாட்டேன். வண்டி வேகம் எடுத்து முதல் வளைவில் திரும்பியதும் தரை என் காலடியில் ஒரு பக்கமாகச் சாய்ந்தது. சன்னலில் வீட்டுக் கூரைகளும் சாய்ந்தன. ஆனால் என் உடல் எந்தப் பக்கமும் தள்ளப்படவில்லை. அதற்குக் காரணம் என்ன என்று மறுநாள்தான் யோசித்தேன். வளைவில் வெளிப்பக்கத் தண்டவாளத்தைச் சற்று உயர்த்திப் போட்டால்தான் வண்டி ஒழுங்காகத் திரும்பும் என்று சிறுவயதில் குளித்தலை பாலத்தருகே நின்று எனக்குச் சொல்லித் தந்தீர்களே, அந்த வேலையை இங்கே யாரும் செய்யத் தேவையில்லை. கயிற்றில் கட்டிய வாளியைச் சுழற்றினால் அது தானாக வெளியே விரிவதுபோல, தொங்கும் பெட்டி வேகத்துக்கு ஏற்பத் தானே சாய்ந்துகொள்கிறது. மணிக்கு 75 கிலோமீட்டர் வரை ஓடும் வண்டியில், வளைவில் நின்றபடியே ஒரு மாணவி இடக்கையில் புத்தகம் பிடித்துப் படித்துக்கொண்டிருந்ததை இன்று காலையும் பார்த்தேன்.

உங்களுக்கு மிகவும் பிடிக்கும் என்று நான் நம்புவது ஏற்றம். இந்த ஊர் குன்றும் பள்ளமுமாக இருக்கிறது. தடத்தின் மிகச் செங்குத்தான இடத்தில் 1000 மீட்டருக்கு 74 மீட்டர் ஏறுகிறது, அதாவது ஏறக்குறைய 13.5 அடிக்கு 1 அடி. கல்லாறிலிருந்து குன்னூர் வரை ஊட்டி ரயில் ஏறும் சரிவு ஏறக்குறைய 12 அடிக்கு 1 அடி. அதற்காகத் தண்டவாளங்களுக்கு நடுவே பல்சட்டம் போட்டு, பற்சக்கரம் அதில் கடித்துக் கடித்து ஏற வேண்டியிருக்கிறது. அந்த இஞ்சின்களைப் பொன்மலையில் கட்டிய காலத்தில் நீங்கள் வீட்டுக்கு வந்து சாப்பாட்டுத் தட்டின் முன்னே அதைப் பற்றியே பேசிக்கொண்டிருந்தது எனக்கு நினைவிருக்கிறது. அதற்கு அதிகம் குறையாத ஒரு சரிவில் இங்கே பல்லும் இல்லை, புகையும் இல்லை. ரப்பரின் பிடிப்பு ஒன்றையே நம்பி மூன்று பெட்டி வண்டி ஏறிப் போகிறது. நீராவி இஞ்சினின் அழகு இதற்கு வராது என்பதையும் நான் ஒப்புக்கொள்கிறேன்.

வழியில் இரண்டு சுரங்கங்களும் உண்டு. தொங்கும் வண்டி மலைக்குள் நுழைவதை வெளியிலிருந்து பார்ப்பதே விந்தையான காட்சி. தடம் பெரும்பாலும் ஒற்றைத் தடம் என்பதால், எதிர் வண்டிக்குக் காத்திருந்து கடக்கும் நிலையங்களில் எங்கள் நிஷி-கமகுராவும் ஒன்று. நம் பக்கத்துச் சிறிய நிலையங்களில் கிராசிங்குக்காக நின்றதுபோலவே இருக்கும், ஆனால் அரை நிமிடத்தில் முடிந்துவிடும். மொத்தம் 7 வண்டிகள். ஒவ்வொன்றின் முகத்திலும் வேறு வேறு நிறப் பட்டை. பச்சைப் பட்டை வண்டி வரும் நாளில் எனக்குக் காரணமில்லாமல் மகிழ்ச்சி. ஷோனான்-ஃபுகஸாவா நிலையத்தருகே பணிமனை இருக்கிறது. அந்த இடம் வரும்போதெல்லாம் சன்னல் பக்கம் நகர்ந்து நின்று, உத்தரத்தில் தொங்கியபடி ஓய்வெடுக்கும் வண்டிகளைப் பார்த்துக்கொள்வேன். சங்கு ஊதியதும் சைக்கிள்கள் வரிசையாக வெளியே வரும் பொன்மலை வாசல் அப்போது எனக்குத் தவறாமல் நினைவுக்கு வரும்.

இந்த அமைப்பை உருவாக்கியவர்கள் பிரெஞ்சுக்காரர்கள். ஆனால் அவர்கள் நாட்டில் அது சோதனைத் தடத்தோடு நின்றுவிட்டது. மக்கள் அன்றாடம் ஏறும் போக்குவரத்தாக அதை வளர்த்தவர்கள் ஜப்பானியர்கள். இங்கே அது ஏன் பொருந்தியது என்பது தெருவில் நடந்தாலே விளங்கும். ஒஃபுனாவுக்கும் எனோஷிமாவுக்கும் இடையில் பழைய சுங்கச் சாலை ஒன்று முன்பே இருந்தது. அந்தச் சாலையின் மேலேயே பெரும்பகுதித் தடத்தைத் தூக்கிவிட்டார்கள். தரையில் ரயில் போட வேண்டுமானால் எத்தனை வீடுகளை இடித்திருக்க வேண்டும் என்று நினைத்துப் பாருங்கள். தூணுக்கு மட்டும் இடம் கொடுத்தால் போதும். கீழே பேருந்து ஓடுகிறது, மேலே ரயில் ஓடுகிறது. மும்பை மோனோரயிலை நீங்கள் செய்தியில் பார்த்திருப்பீர்கள். அது உத்தரத்தின் மேல் ஏறி உட்கார்ந்து ஓடும் வேறு வகை.

இதைவிட நீளமான தொங்கு ரயில் சிபா நகரத்தில் இருக்கிறது என்று அறிந்து, சென்ற கோடையில் ஒரு சனிக்கிழமை அதற்காகவே போய்வந்தேன். ஒஃபுனாவிலிருந்து டோக்கியோ வழியாகவே நேராக அங்கு போகும் ரயில்கள் உண்டு. சிபாவில் 1988ஆம் ஆண்டு முதல் பகுதியைத் திறந்து, 1999 வரை கொஞ்சம் கொஞ்சமாக நீட்டி, இன்று 15.2 கிலோமீட்டரும் 18 நிலையங்களுமாக வைத்திருக்கிறார்கள். உலகிலேயே நீளமான தொங்கு மோனோரயில் என்று 2001இல் கின்னஸில் பதிவாகியிருக்கிறது. அங்கே அகலமான சாலைகளுக்கு மேல் இரட்டைத் தடமாகவே ஓடுகிறது. 2012இல் வந்த புதிய வகை வண்டியில் ஓட்டுநர் அறையின் தரையில் கண்ணாடி பதித்திருக்கிறார்கள். அவர் பின்னால் நின்று பார்த்தால், அவருடைய காலணிகளுக்குக் கீழே கார்கள் போகின்றன. நான் பார்த்துக்கொண்டிருந்தபோது ஓட்டுநர் வெள்ளைக் கையுறை அணிந்த கையை நீட்டி சிக்னலைச் சுட்டிக்காட்டி, அதன் நிலையை வாய்விட்டுச் சொல்லிவிட்டுத்தான் வண்டியை எடுத்தார். தனியாக இருக்கும்போதும் சொல்கிறார். கண்ணும் கையும் வாயும் ஒன்றாக வேலை செய்தால் கவனம் சிதறாது என்பது இந்நாட்டு ரயில்காரர்களின் பழக்கம்.

சிபா-கோயன் நிலையத்தில் இறங்கினால் ஒரு பூங்கா. அதில் ஒரு தாமரைக் குளம். 1951இல் ஓகா இச்சிரோ என்னும் தாவரவியலாளர் அந்நகரத்து மண்ணில் தோண்டியெடுத்த, ஏறக்குறைய 2000 ஆண்டுகள் பழமையான ஒரு விதை முளைத்து, அதன் வழிவந்த தாமரைகள் அங்கே பூக்கின்றன. அம்மா பார்க்க வேண்டும் என்று அந்தக் குளக்கரையில் நின்றபோது தோன்றியது.

எல்லாத் தொங்கு ரயிலும் இப்படி நிலைத்துவிடவில்லை. ஜப்பானில் முதலில் வந்தது டோக்கியோவின் உவெனோ விலங்குக் காட்சிச்சாலையில் 1957இல் தொடங்கிய சிறிய தடம். 2019இல் அதை நிறுத்தி, 2023இல் அதிகாரபூர்வமாக மூடிவிட்டார்கள். நகோயாவில் பூங்காவுக்குள் 1964இல் வந்தது பத்தே ஆண்டுகளில் மறைந்தது. மக்கள் வேலைக்கும் பள்ளிக்கும் நம்பி ஏறும் இடங்களில்தான் இது தங்கியிருக்கிறது என்பது என் கருத்து.

நீங்கள் இருவரும் வருவதானால் ஜூன் மாதத்தில் வாருங்கள்; அப்போதுதான் அந்தத் தாமரை பூக்கும். மழைக்காலம் என்று தயங்க வேண்டாம். அம்மா படியேற வேண்டியதில்லை. கடைசி நிலையமான ஷோனான்-எனோஷிமாவின் நடைமேடை ஐந்தாம் தளத்தில் இருந்தாலும், 2018 முதல் அங்கே லிஃப்ட் இருக்கிறது. வானம் தெளிந்த நாளில் அந்தத் தளத்திலிருந்தே ஃபூஜி மலை தெரியும். அங்கிருந்து சிறிது தூரத்தில் உள்ள எனோஷிமாத் தீவில் பென்சைட்டன் என்னும் பெயரில் நம் சரஸ்வதியை வைத்து வணங்குகிறார்கள். வீணைக்குப் பதிலாக பிவா என்னும் தந்தி வாத்தியம்.

உத்தரப் பெட்டியின் குறுக்குவெட்டைப் பென்சிலில் வரைந்து இதனுடன் வைத்திருக்கிறேன். டயர்களின் இடம் சரியாக வந்திருக்கிறது என்று நினைக்கிறேன். தொங்கும் இணைப்பின் கோணம் மட்டும் எனக்குத் திருப்தியாக இல்லை. அப்பா அதைப் பார்த்து, சிவப்பு மையில் திருத்தி அனுப்புங்கள்.

அன்புடன்,
உங்கள் மகள்
செல்வி