பிளேட்லெட் 82,000: பப்பாளி இலைச்சாறு வேண்டாம் கண்ணா

அன்பு மகனுக்கு,

கல்லீரலைத் தாக்கும் ஹெபடைடிஸ் சி வைரஸுக்காக எடுத்த உன் ரத்த ரிப்போர்ட் கிடைத்தது. ரத்தம் உறைய உதவும் பிளேட்லெட், குறைந்தது ஒன்றரை லட்சம் இருக்க வேண்டியது 82,000 என்று வந்ததும், பப்பாளி இலைச்சாறு குடிக்கவா என்று கேட்டிருக்கிறாய். வேண்டாம் கண்ணா. டெங்குவில் நாலைந்து நாளில் மளமளவென்று இறங்கி, பிறகு தானாகவே ஏறிவிடும். சாறுக்குப் பேர் கிடைத்தது அப்படித்தான். ஹெபடைடிஸ் சி-யில் இறக்கம் வருஷக்கணக்கில் நடக்கிறது, காரணமே வேறு.

முதலில் அந்த எண் நிஜம்தானா என்று பார்த்துவிடு. ஊதா மூடிக் குழாயில் ரத்தம் உறையாமல் இருக்கப் போட்டிருக்கும் ஈ.டி.டி.ஏ. என்ற ரசாயனம் சிலருடைய ரத்தத்தில் பிளேட்லெட்டுகளைக் கொத்துக் கொத்தாக ஒட்ட வைத்துவிடும். மெஷின் அந்தக் கொத்துகளை எண்ணாமல் விட்டுவிடும். நீல மூடி போட்ட சிட்ரேட் குழாயில் மறுபடி எடுக்கச் சொல். வரும் எண்ணை 1.1-ஆல் பெருக்க வேண்டும். ஸ்மியரும், அதாவது ரத்தத்துளியைக் கண்ணாடியில் தடவி மைக்ரோஸ்கோப்பில், பார்க்கச் சொல்.

எண் நிஜமென்றால் பெரும்பாலும் விஷயம் மண்ணீரலில் இருக்கும். வைரஸால் கல்லீரலில் தழும்பு ஏற ஏற, குடலிலிருந்து வரும் போர்ட்டல் ரத்தக்குழாயில் அழுத்தம் கூடி, மண்ணீரல் வீங்குகிறது. சாதாரணமாக உடம்பின் பிளேட்லெட்டில் மூன்றில் ஒரு பங்கு அங்கே தங்கும்; வீங்கினால் 90 சதவீதம் வரைகூடப் பிடித்து வைத்துக்கொள்ளும். பிளேட்லெட் ஏற்றினாலும் அதிகம் நிற்காததற்கு இதுதான் காரணம். பிளேட்லெட் உண்டாக்கச் சொல்லி எலும்பு மஜ்ஜையைத் தூண்டும் த்ராம்போபொயட்டின் என்ற ஹார்மோனைச் சுரப்பதும் கல்லீரல்தான், அதுவும் குறைந்துபோகும். சிலருக்கு உடம்பே பிளேட்லெட்டுக்கு எதிராக ஆன்டிபாடி உண்டாக்கும். மண்ணீரல் பெரிதாகாமல் எண்ணிக்கை மட்டும் விழுந்தால் ரத்தநோய் நிபுணரைப் பார்க்க வேண்டும்.

உன் ரிப்போர்ட்டை வைத்தே கல்லீரல் தழும்பை ஊகிக்க ஒரு கணக்குப் போடலாம், ஃபிப்-4 என்பார்கள். வயது 38, கல்லீரல் என்சைமான எஸ்.ஜி.ஓ.டி. 88; பெருக்கினால் 3344. இன்னொரு கல்லீரல் என்சைமான எஸ்.ஜி.பி.டி. 100, அதன் வர்க்கமூலம் 10. பிளேட்லெட்டை ஆயிரத்தில் எடுத்து 82-ஐ 10-ஆல் பெருக்கினால் 820. 3344-ஐ 820-ஆல் வகு: 4.08. இது 3.25-க்கு மேல் போனால் தழும்பு முற்றியிருக்க வாய்ப்பு அதிகம். அதனால் கல்லீரல் எவ்வளவு இறுகியிருக்கிறது என்று அளக்கும் ஃபைப்ரோஸ்கேன், வயிற்று அல்ட்ராசவுண்ட் இரண்டையும் தள்ளிப்போடாதே. ஃபைப்ரோஸ்கேன் 20-க்குக் கீழே, பிளேட்லெட் ஒன்றரை லட்சத்துக்கு மேலே என்று இருப்பவர்கள் உணவுக்குழாயைக் கேமரா விட்டுப் பார்க்கும் எண்டோஸ்கோப்பியைத் தவிர்க்கலாம். சிரோசிஸ், அதாவது கல்லீரல் முழுக்கத் தழும்பேறி இறுகிய நிலை, என்று தெரிந்தால், பிளேட்லெட் இவ்வளவு குறைந்த உனக்கு அந்தச் சலுகை இல்லை. உணவுக்குழாயில் புடைத்த ரத்தக்குழாய் இருந்து அது வெடிப்பதுதான் நிஜமான ஆபத்து. அதை வெடிக்க வைப்பது அழுத்தம். பிளேட்லெட் எண்ணிக்கையை மட்டும் ஏற்றி அதைத் தடுக்க முடியாது.

துரத்த வேண்டியது வைரஸை. முன்பு இன்டர்ஃபெரான் ஊசிதான் வைத்தியம் என்றிருந்த காலத்தில் அந்த ஊசியே பிளேட்லெட்டைக் குறைக்கும் என்பதால், எண்ணிக்கை குறைந்தவர்களுக்கு வைத்தியமே தட்டிப்போனது. இப்போது 82,000 ஒரு தடையே இல்லை. ரத்தத்தில் வைரஸ் இப்போது இருக்கிறதா என்று காட்டும் எச்.சி.வி. ஆர்.என்.ஏ. டெஸ்ட் பாசிட்டிவ் என்றால் பொதுவாக சோஃபோஸ்புவிர் 400 மி.கி., வெல்படாஸ்விர் 100 மி.கி. சேர்ந்த ஒரே மாத்திரை, தினம் ஒன்று, 12 வாரம். வயிற்றில் நீர் கோத்திருந்தால் ரிபாவிரினும் சேர்ப்பார்கள். 2018 ஜூலையில் தொடங்கிய தேசிய வைரல் ஹெபடைடிஸ் திட்டத்தில் அரசு மையங்களில் மருந்து இலவசம். தொடங்கும் முன் ஹெபடைடிஸ் பி டெஸ்ட் கட்டாயம்; சி அடங்கும்போது பி தலைதூக்கக்கூடும். நெஞ்செரிச்சலுக்கு நீ போடும் ஆசிட் குறைக்கும் மாத்திரையையும் சொல்லிவிடு. அது வெல்படாஸ்விர் உடம்பில் சேர்வதைக் குறைக்கும்.

தலைவலிக்கு ஆஸ்பிரின், புரூஃபென், டைக்ளோஃபெனாக் எதுவும் வேண்டாம். பாராசிட்டமால் ஒரு நாளைக்கு 2 கிராமுக்குள். மது ஒரு சொட்டும் கூடாது. பல் பிடுங்கவோ இடுப்பில் ஊசி போடவோ போனால் முதலில் உன் எண்ணிக்கையைச் சொல். முழங்காலுக்குக் கீழே குண்டூசித் தலை அளவில் சிவப்புப் புள்ளிகள் வந்தால் டாக்டரிடம் காட்டு. மலம் தார் மாதிரி கறுத்தாலோ ரத்த வாந்தி வந்தாலோ அந்த நிமிஷமே ஆஸ்பத்திரிக்குப் போ, விடியட்டும் என்று காத்திருக்காதே.

மருந்து முடிந்து 12 வாரம் கழித்து மறுபடி ஆர்.என்.ஏ. பார்க்க வேண்டும். ஆன்டிபாடி டெஸ்ட் ஆயுசுக்கும் பாசிட்டிவ்தான் காட்டும், கலங்காதே. பிளேட்லெட் மெதுவாகத்தான் ஏறும். மண்ணீரல் ரொம்ப வீங்கியிருந்தால் ஒன்றரை லட்சத்தைத் தொடாமலே போகலாம். சிரோசிஸ் இருந்தால், வைரஸ் போன பிறகும் ஆறு மாதத்துக்கு ஒரு தடவை அல்ட்ராசவுண்ட் உண்டு, கல்லீரலில் கட்டி வருகிறதா என்று பார்க்க.

சிட்ரேட் குழாய் ரிசல்ட் வந்ததும் போட்டோ எடுத்து அனுப்பு. ஃபைப்ரோஸ்கேனுக்கு மூன்று மணி நேரமாவது எதுவும் சாப்பிடாமல் போ.

அன்புடன்,
அம்மா