கொதிக்க விடாதே

அன்புத் தோழிக்கு,

உன் கடிதம் வந்து பத்து நாளாகிறது. உடனே பதில் போடாததற்குக் கண் ஆபரேஷன்தான் காரணம். வலது கண்ணில் புரை எடுத்தார்கள். குனியாதே, படிக்காதே, அடுப்புப் பக்கம் போகாதே என்று ஒரே கெடுபிடி. இப்போது பரவாயில்லை. வலது கண்ணால் பார்த்தால் வெள்ளைச் சுவர் வெள்ளையாகத் தெரிகிறது. இடது கண்ணால் பார்த்தால் அதே சுவர், டீயைத் துடைத்த துணி மாதிரி பழுப்பேறித் தெரிகிறது. இவ்வளவு வருஷமாக அந்தப் பழுப்பைத்தான் வெள்ளை என்று நினைத்துக்கொண்டிருந்திருக்கிறேன் பார்.

நீ ஓய்வு பெற்றுவிட்டாய் என்பதை இன்னும் என்னால் நம்ப முடியவில்லை. காலையில் எழுந்ததும் எங்கேயும் ஓட வேண்டாம் என்பது முதல் மாதம் சுகமாக இருக்கும். இரண்டாம் மாதம் அலமாரியை எல்லாம் கலைத்து அடுக்குவாய். மூன்றாம் மாதம் எனக்கு நீளமான கடிதம் எழுத ஆரம்பிப்பாய். அதற்காகத்தான் காத்திருக்கிறேன்.

சரி, விஷயத்துக்கு வருகிறேன். வருஷக் கடைசி விடுமுறையில் உன் வீட்டில் இருபத்தைந்து பேர் கூடுகிறார்கள், போன முறை நான் போட்டுக் கொடுத்த சூடான பழரசம் எப்படிச் செய்தாய் என்று கேட்டிருக்கிறாய். நீ குடித்தது என்னுடைய நாலாவது முயற்சி. முதல் முயற்சியைக் குடித்திருந்தால் கேட்டிருக்க மாட்டாய்.

அந்தக் கதையைச் சொல்லிவிடுகிறேன், நீயும் அதே குழியில் விழாமல் இருக்க. ஆப்பிள் ஜூஸைப் பெரிய பாத்திரத்தில் ஊற்றி, பட்டை, கிராம்பு, அன்னாசிப்பூ எல்லாவற்றையும் கையால் அள்ளிப் போட்டு, ஆரஞ்சைத் தோலோடு வட்டம் வட்டமாக நறுக்கிப் போட்டு, விருந்தாளிகள் வரும்வரை இரண்டு மணி நேரம் கொதிக்க விட்டேன். வீடு முழுக்க அப்படி ஒரு வாசனை. அந்த வாசனையில் மயங்கித்தான் ஏமாந்தேன். வாசனை வீடு முழுக்க இருக்கிறது என்றால் அது பாத்திரத்தை விட்டுப் போய்விட்டது என்றுதானே அர்த்தம்? குடித்துப் பார்த்தால் கஷாயம். போதாக்குறைக்கு இரண்டாவது வாயிலேயே நாக்கு மரத்துவிட்டது. என் பெரியப்பா ஒருவர் டம்ளரைக் கீழே வைத்துவிட்டு, "பல்வலி எனக்கு இல்லையேம்மா" என்றார். சும்மா சொல்லவில்லை அவர். பல் வைத்தியத்தில் வலி மரக்கத் தடவும் கிராம்புத் தைலத்தில் இருக்கும் யூஜெனால் என்ற பொருள்தான் கிராம்பின் வாசனையும். கூடினால் அது வாசனையோடு நிற்காது.

அடுத்த இரண்டு முறை கிராம்பைக் குறைத்தேன், நேரத்தைக் குறைத்தேன். அப்போதும் பழத்தின் சுவை இல்லை, ஜாம் கிண்டுகிற பாத்திரத்தை அலம்பின தண்ணீர் மாதிரிதான் இருந்தது. அதற்கப்புறம்தான் மண்டையில் உறைத்தது. மசாலாவுக்கு வேண்டிய சூடு வேறு, பழச்சாற்றுக்கு வேண்டிய சூடு வேறு. பட்டை மரப்பட்டை, கொதித்தால்தான் அசைந்து கொடுக்கும். பழச்சாறோ கொதித்த மறுநிமிஷமே புதுசான மணத்தை இழந்துவிடும். இரண்டையும் ஒரே பாத்திரத்தில் போட்டால் ஒன்றுக்கு நியாயம் செய்ய இன்னொன்றைப் பலி கொடுக்க வேண்டியிருக்கிறது. அதனால் இப்போதெல்லாம் மசாலாவைத் தண்ணீரில் தனியாகக் கொதிக்க வைக்கிறேன். ஜூஸைத் தனியாகச் சூடு மட்டும் பண்ணுகிறேன். கடைசியில் கலக்கிறேன். அவ்வளவுதான் என் ரகசியம்.

இருபத்தைந்து பேருக்கு, ஆளுக்கு 200 மில்லி என்று வைத்தாலே 5 லிட்டர் ஆகிறது. சிலர் இரண்டாவது டம்ளர் கேட்பார்கள், சிலர் வாசனை பார்த்துவிட்டு வைத்துவிடுவார்கள், கணக்கு சரியாகிவிடும்.

மசாலாத் தண்ணீருக்கு ஒரு லிட்டர் தண்ணீர் வை. விரல் நீளப் பட்டை ஐந்து, கிராம்பு பன்னிரண்டு, அன்னாசிப்பூ மூன்று, கட்டை விரல் அளவு இஞ்சியை வில்லை வில்லையாக நறுக்கியது. ஏலக்காய் பிடித்தால் நாலு, லேசாக நசுக்கிப் போடு. கிராம்பை மட்டும் எண்ணித்தான் போட வேண்டும், சொல்லிவிட்டேன். அதைத் தனியாக வெளியே எடுக்கவும் ஒரு வழி வேண்டும். நான் ஒரு ஆப்பிள் துண்டின் தோலில் பன்னிரண்டையும் குத்திவிடுவேன். ஆணி அடித்த பலகை மாதிரி மிதக்கும். மூடி போட்டுச் சிறு தீயில் வைத்து, பத்து நிமிஷம் ஆனதும் அந்தத் துண்டைக் கரண்டியால் தூக்கிவிடு. மற்றதெல்லாம் இன்னும் பத்து நிமிஷம் இருக்கலாம். அடுப்பை அணைத்து, மூடியைத் திறக்காமல் ஆறவிட்டு வடிகட்டு. இதை முந்தின நாளே செய்து ஃபிரிட்ஜில் வைத்துக்கொள்ளலாம். விருந்தன்று அடுப்படியில் நிற்கிற நேரம் பாதியாகக் குறையும்.

எல்லாம் முழு மசாலாவாக இருக்கட்டும். பொடி வேண்டாம். பட்டைப் பொடியைச் சூடான தண்ணீரில் போட்டால் கொஞ்ச நேரத்தில் வழவழவென்று கோழை மாதிரி ஆகிவிடும், டம்ளர் அடியில் சேறு மாதிரி தங்கும். பட்டையிலும் இரண்டு ஜாதி உண்டு, உனக்குத் தெரிந்திருக்கும். சுருட்டு மாதிரி மெல்லிய அடுக்கு அடுக்காகச் சுருண்டு, கையால் நொறுக்கினால் நொறுங்குவது ஒன்று. தடித்து, ஒற்றைப் பட்டையாக, உடைக்கச் சுத்தியல் கேட்பது இன்னொன்று. மெல்லியது மணத்தில் நயமானது, ஆனால் இதில் போட்டால் ஆப்பிளுக்கு முன்னால் ஒடுங்கிவிடும். எனக்குத் தடித்ததுதான் பிடிக்கிறது. உன் இஷ்டம்.

இப்போது ஜூஸ். நாலு லிட்டர் வேண்டும். மூன்று பங்கு ஆப்பிள், ஒரு பங்கு மாதுளை அல்லது கிரான்பெர்ரி. வெறும் ஆப்பிள் என்றால் இனிப்பு மட்டும்தான் நிற்கும், நாக்கைப் பிடித்து நிறுத்தப் புளிப்பும் கொஞ்சம் துவர்ப்பும் வேண்டும். தெளிவான ஜூஸைவிடக் கலங்கலாக இருப்பது நல்லது, வாயில் கனம் இருக்கும். பாத்திரம் ஸ்டீலாகவோ எனாமலாகவோ இருக்கட்டும். அலுமினியம் வேண்டாம், பழப் புளிப்பு அதை அரிக்கும், ரசத்தில் உலோக வாடை ஏறும்.

இந்த இடத்தில் கொஞ்சம் நின்று பார்க்க வேண்டும். அடுப்பைச் சின்னதாக வைத்துவிட்டுப் பாத்திரத்தின் ஓரத்தையே பார். முதலில் மேலே லேசாக ஆவி படியும். அப்புறம் ஓரத்தில் ஊசிமுனை அளவுக்குக் குமிழ்கள் வந்து ஒட்டிக்கொண்டு நிற்கும், மேலே வராது. நடுவில் ஜூஸ் மெல்லப் புரளும், எண்ணெய் மினுக்குகிற மாதிரி. அதுதான் அடையாளம். ஒட்டிக்கொண்டிருந்த குமிழ்கள் பிரிந்து மேலே ஏற ஆரம்பித்தால் தீயைக் குறைத்துவிடு. தெர்மாமீட்டர் வைத்திருந்தால் 75 டிகிரி பக்கம் காட்டும். வீட்டிலேயே பிழிந்த சாறு என்றால் 70க்குக் கீழே நிறுத்தாதே, பச்சைச் சாற்றில் கிருமி இருக்கலாம், அதைக் கொல்ல அந்தச் சூடு தேவை. பாக்கெட்டில் வருவதை ஏற்கெனவே சூடு காட்டித்தான் அடைக்கிறார்கள்.

மசாலாத் தண்ணீரை மொத்தமாகக் கொட்டிவிடாதே. முதலில் பாதி. கலக்கி, ருசி பார்த்து, அப்புறம் ஒரு கரண்டி, இன்னொரு கரண்டி. தனித்தனியாகச் செய்வதில் எனக்குப் பிடித்ததே இதுதான், காரம் என் கையில் இருக்கிறது. கூடிப்போனதைப் பாத்திரத்திலிருந்து யாரால் திரும்ப எடுக்க முடியும்?

ஆரஞ்சு கடைசியில்தான். தோலின் மேல்பகுதியை மட்டும் தோல் சீவியால் நாடா மாதிரி சீவி, அடுப்பை அணைத்தபின் போட்டு மூடு. பத்து நிமிஷத்தில் எடுத்துவிடு. அடியில் இருக்கும் வெள்ளைச் சதை வந்துவிட்டால் கசக்கும். முதல் வருஷம் வட்டம் வட்டமாக நறுக்கிப் போட்டேனே, கசப்புக்கு அதுவும் ஒரு காரணம். ஆரஞ்சுச் சாற்றையும் அப்போதே பிழிந்து ஊற்று. சூட்டில் அதிக நேரம் இருந்தால் அதுவும் கசக்கத் தொடங்கும். ஜாதிக்காயைப் பரிமாறுவதற்கு ஒரு நிமிஷம் முன்னால் துருவியில் நாலு இழுப்பு இழுத்தால் போதும். ஒரு சிட்டிகை உப்பு போடு, யாருக்கும் தெரியாது, ஆனால் மிச்சமிருக்கும் கசப்பை அடக்கும்.

சர்க்கரை போடட்டுமா என்று கேட்டிருந்தாய். வேண்டாம் என்பேன். ஜூஸ் ஜில்லென்று இருக்கும்போது ருசி பார்த்துவிட்டுச் சர்க்கரை சேர்ப்பது பெரிய தப்பு. சூடாக இருந்தால் நாக்குக்கு இனிப்பு கூடுதலாகத் தெரியும். தவிர, ஆப்பிள் ஜூஸில் 100 மில்லிக்குச் சுமார் 10 கிராம் சர்க்கரை தானாகவே இருக்கிறது. ஒரு டம்ளர் ஜூஸில் 20 கிராம் ஆயிற்று. உன் வீட்டுக்காரருக்குச் சர்க்கரை நோய் என்று எழுதியிருந்தாயே, அவருக்கு மீதி மசாலாத் தண்ணீரில் இரண்டு விரல்கடை ஜூஸும் எலுமிச்சையும் விட்டுக் கொடு. எனக்கு என்னவோ அதுதான் அசல் ரசத்தைவிட நன்றாக இருக்கிறது. தேன் சேர்க்க நினைத்தால், ஒரு வயது ஆகாத குழந்தைக்கு அதிலிருந்து ஒரு சொட்டுகூடப் போகாமல் பார்த்துக்கொள். உன் பேத்திக்கு இன்னும் பிறந்தநாள் வரவில்லை, இல்லையா?

பரிமாறும்போது ரொம்பச் சூடாகக் கொடுக்காதே. 65 டிகிரிக்கு மேல் கொதிக்கக் கொதிக்கக் குடிக்கும் பானங்கள் உணவுக்குழாய்க்குக் கெடுதலாக இருக்கக்கூடும் என்று உலக சுகாதார நிறுவனத்தின் புற்றுநோய் ஆய்வு முகமை 2016இல் சொல்லியிருக்கிறது. அதை விடு, நாக்கு சுட்டுவிட்டால் ருசி எங்கே தெரியப்போகிறது? டம்ளரைக் கையில் பிடித்து வைத்திருக்க முடிந்தால் குடிக்கலாம். கண்ணாடி டம்ளர் என்றால் முதலில் வெந்நீர் ஊற்றி அலம்பிக்கொள், இல்லாவிட்டால் விரிசல் விடும். ஸ்லோ குக்கர் இருந்தால் கலந்ததை அதில் ஊற்றி, சூடு காக்கும் பொத்தானில் வைத்துவிட்டு நீயும் போய் உட்கார். மிஞ்சினதை இரண்டு மணி நேரத்துக்குள் ஃபிரிட்ஜில் வைத்துவிடு.

ஒரு வேடிக்கை. இங்கிலாந்தில் பழைய காலத்தில் இந்த மாதிரி மசாலா போட்ட சூடான பானத்துக்கு வாசெய்ல் என்று பேராம். 'நலமாக இரு' என்பதுதான் அந்தச் சொல்லுக்கு அர்த்தம். ஒரே கிண்ணத்தைச் சுற்றி அனுப்பி, அதைச் சொல்லிக் குடிப்பார்களாம். இந்த மாதிரிப் பானங்களில் வாட்டின ரொட்டித் துண்டை மிதக்க விடும் வழக்கமும் இருந்ததாம். கையில் கிண்ணத்தைத் தூக்கி ஒருவருக்கு வாழ்த்துச் சொல்வதை ஆங்கிலத்தில் டோஸ்ட் என்கிறார்களே, அந்த ரொட்டியிலிருந்துதான் அந்தப் பேர் வந்தது. படித்தபோது உன் நினைவுதான் வந்தது. நீதானே ஹாஸ்டலில் எதைக் கொடுத்தாலும் ரொட்டியைத் தோய்த்துத் தின்பாய்.

ஹாஸ்டல் என்றதும் அந்த ஹீட்டர் காயில் ஞாபகம் வருகிறதா? திராட்சை ஜூஸைச் சுட வைக்கிறேன் என்று ஸ்டீல் சொம்பில் காயிலை இறக்கினாய். சர்க்கரை காயிலில் ஒட்டிக் கருகி, வராந்தா முழுக்க வாடை. வார்டன் கதவைத் தட்டும்போது நீ சொம்பைக் கட்டிலுக்கடியில் தள்ளிவிட்டு, எனக்கு ஜுரம், மருந்து காய்ச்சினோம் என்று சொன்னாய். நானும் போர்வைக்குள் முனகினேன். அவர் போனதும் அந்தக் கருகின ஜூஸை இரண்டு பேரும் பகிர்ந்து குடித்தோம். இன்றைக்கு உனக்கு எண்ணிப் பன்னிரண்டு கிராம்பு என்று பாடம் எடுக்கிறேன். அன்றைக்கு ஒரு குறையும் தெரியவில்லை.

கடைசியாக ஒன்று. இருபத்தைந்து பேருக்கு நேரடியாக இறங்கிவிடாதே. இந்த ஞாயிற்றுக்கிழமை ஒரு லிட்டருக்கு, எல்லாவற்றையும் ஐந்தில் ஒரு பங்காக்கிப் போட்டுப் பார். உன் இஞ்சி என் இஞ்சியைவிடக் காரமாக இருக்கலாம், உன் ஜூஸ் புளிப்பாக இருக்கலாம். எப்படி வந்தது என்று எழுது. பொய் சொல்லாமல் எழுது, நன்றாக இல்லை என்றால் நன்றாக இல்லை என்று.

இடது கண்ணுக்கு அடுத்த மாதம் தேதி கொடுத்திருக்கிறார்கள். அது முடிந்ததும் உன்னைப் பார்க்க வருகிறேன். என் பெரிய எனாமல் பாத்திரத்தின் மூடி போன வருஷத்திலிருந்து உன்னிடம்தான் இருக்கிறது. தேடி எடுத்து வை.

அன்புடன்,
உன் பழைய அறைத்தோழி