தலைமாட்டில் நின்றவர்களுக்கு

மயக்க மருந்து டாக்டருக்கும், அவரது குழுவினருக்கும், எனக்கு ரத்தம் கொடுத்த முகம் தெரியாதவர்களுக்கும் வணக்கம்.

பிள்ளை பிறந்தால் எல்லோரும் அறுவை செய்த டாக்டரைத்தான் கையெடுத்துக் கும்பிடுவார்கள். நாங்களும் கும்பிட்டோம். மயக்கம் கொடுத்தவரை வீட்டில் யாருக்கும் அடையாளமே தெரியவில்லை. அதனால்தான் இந்த மடல்.

எனக்கு முதல் பிரசவம் சிசேரியன். இந்த முறை நஞ்சுக்கொடி கீழிறங்கிக் கருப்பை வாயை மூடியதோடு, பழைய தழும்பிலும் ஒட்டிக்கொண்டது. நிறைமாதத்தில் கருப்பைக்கு நிமிடத்துக்கு 500 முதல் 700 மில்லி ரத்தம் பாயும், ஒட்டிய நஞ்சுக்கொடி பிரியும்போது அந்த ரத்தம் கொட்டலாம் என்று ஒளிக்காமல் சொன்னீர்கள். பயந்தேன்தான். ஒன்றும் சொல்லாமல் விட்டிருந்தால் இன்னும் பயந்திருப்பேன்.

"வீசிங் உண்டா?" என்று கேட்டீர்கள். உண்டு என்றதும் கேஸ் ஷீட்டில் சிவப்பு மையால் வட்டம் போட்டீர்கள். கருப்பையைச் சுருங்கவைக்கும் கார்போப்ராஸ்ட் ஊசி மூச்சுக்குழாயையும் இறுக்கிவிடும், எனக்கு ஆகாது என்று அன்றுதான் தெரிந்தது.

முதுகில் ஊசி போட்டதால் பிள்ளையின் முதல் அழுகையைக் கேட்க முடிந்தது. நடுவில் பிரஷர் இறங்கிக் குமட்டியது. நான் வாய் திறக்கும் முன்பே பிரஷரை ஏற்றும் ஃபினைலெஃப்ரின் மருந்து ஏறியிருந்தது. பிறகு ரத்தம் நிற்கவில்லை. "முழுசாத் தூங்க வைக்கப் போறோம்மா" என்று காதருகே சொன்னீர்கள். பக்கத்தில் இரண்டு சிஸ்டர்கள் ரத்தப் பையின் எண்ணையும் என் கைப்பட்டையையும் மாறி மாறி உரக்கப் படித்துச் சரிபார்த்தார்கள். நினைவு தப்பும் முன் கேட்டது அதுதான். சிஸ்டர்களே, அந்த அவசரத்திலும் ஒரு எழுத்தைக்கூட விழுங்காமல் படித்தீர்கள்.

புரோபோஃபால் என்ற மயக்க மருந்து பிரஷரை இன்னும் இறக்கிவிடும் என்று அதற்குப் பதில் கெட்டமின் என்ற மயக்க மருந்தைக் கொடுத்ததையும், மயக்க வாயு கருப்பையைத் தளர்த்தும் என்பதால் அதைக் குறைத்து வைத்ததையும், ரத்தப்போக்கைக் குறைக்கும் டிரானெக்ஸாமிக் அமிலம் 1 கிராம் ஏற்றியதையும் பின்னால் வார்டுக்கு வந்து பொறுமையாக விளக்கினீர்கள். (கெட்டமின் காட்டிய கனவுகளை வெளியே சொன்னால் சிரிப்பார்கள்.)

கருப்பையை எடுக்க வேண்டியதாயிற்று. அதைப் பற்றி இப்போது எழுத மனம் வரவில்லை.

ரத்தம் கொடுத்தவர்களே, யாருக்குப் போகிறது என்று தெரியாமலே கை நீட்டினீர்கள். என் மகள் இப்போது மடியில் பால் குடித்துக்கொண்டிருக்கிறாள்.

டாக்டர், குழாய் போட்டதால் தொண்டை கொஞ்ச நாள் கரகரக்கும் என்றீர்கள். கரகரப்பு போய்விட்டது. தாலாட்டுப் பாட ஆரம்பித்துவிட்டேன். குரல் முன்பும் சுமார்தான், அதற்கு நீங்கள் பொறுப்பல்ல.

நன்றியுடன்,
இரண்டு பிள்ளைகளின் அம்மா