ஆப்ரிகாட் சத்து எங்கே விளைகிறது?

மதிப்பிற்குரிய ஆசிரியர் அவர்களுக்கு,

நாகர்கோவில் கடைகளில் உலர் ஆப்ரிகாட் பாக்கெட்டுகள் இப்போது தாராளமாகக் கிடைக்கின்றன. ஆனால் அவற்றில் அச்சிடப்படும் சத்து அட்டவணையைப் பார்த்தால், எந்த மண்ணிலும் எந்த மரத்திலும் ஒரே மாதிரிப் பழம்தான் விளையும் போலத் தோன்றுகிறது. 2023-இல் புவிசார் குறியீடு பெற்ற குமரி மாவட்ட மட்டி வாழைப்பழத்தின் மணம் நம் மண்ணோடு சேர்ந்தது என்று பெருமை பேசும் நாம் இதை அப்படியே ஏற்க வேண்டியதில்லை.

100 கிராம் புதிய பழத்தில் ஏறத்தாழ 1 மில்லிகிராம் பீட்டா கரோட்டின் (உடலில் வைட்டமின் ஏ ஆக மாறும் ஆரஞ்சு நிறமி), 10 மில்லிகிராம் வைட்டமின் சி என்பது வெறும் சராசரியே. ஆரஞ்சு நிறச் சதையுள்ள ரகங்களில் கரோட்டின் மிகுதி. வெளிறிய ரகங்களில் மிகக் குறைவு. மரத்திலேயே கனியக் கனிய இந்த நிறமி கூடுவதால், தொலைதூரச் சந்தைக்காக முற்றாமல் பறித்த பழம் அந்த அளவை எட்டுவதில்லை. லடாக்கிலோ, பகலின் கடும் வெயிலில் உண்டாகும் சர்க்கரை, குளிர்ந்த இரவில் மரத்தின் சுவாசம் தணிவதால் அதிகம் செலவாகாமல் பழத்தில் தங்கிவிடுகிறது. அறுவடை நெருங்கும்போது மிகையாக நீர் பாய்ச்சினால் பழம் பருக்கும், சத்தின் செறிவு குறையும்.

உலர்ந்த பழத்தின் பளிச்சென்ற ஆரஞ்சு நிறம் பெரும்பாலும் நிறம் மங்காமலிருக்கச் சேர்க்கப்படும் கந்தக டை ஆக்சைடின் கைவண்ணம் (அது கரோட்டினையும் ஓரளவு காக்கிறது என்பதையும் சொல்லத்தான் வேண்டும்). அது சேர்க்காமல் உலர்த்திய பழுப்பு நிறப் பழம் கெட்டுப்போனதல்ல.

எனவே ரகம், விளைந்த இடம், அறுவடை ஆண்டு ஆகியவற்றையும் பாக்கெட்டில் அச்சிட உணவுப் பாதுகாப்புத் துறை ஆவன செய்ய வேண்டும்.

இப்படிக்கு,
வாசகர் ஒருவர், தக்கலை.