சாய்தளம் வேண்டாம், சக்கரம் கொடுங்கள்

ஆசிரியருக்கு,

வணக்கம். மீனவ ஊர்களில் படகு ஏற்றி இறக்கக் கடற்கரைதோறும் கான்கிரீட் சாய்தளம் கட்டித் தர வேண்டும் என்று சென்ற இதழில் வந்த கட்டுரையைப் படித்தேன். எழுதியவரின் அக்கறையில் குறை சொல்ல ஒன்றுமில்லை. ஆனால் அவர் துறைமுகத்தையும் ஆற்று முகத்துவாரத்தையும் பார்த்துவிட்டு எழுதியிருக்கிறாரோ என்று தோன்றுகிறது. நான் கடலூர் மாவட்டத்தில் ஃபைபர் படகுகளைப் பழுது பார்க்கிறவன். படகின் மேல்பக்கத்தைவிட அடிப்பக்கத்தைத்தான் அதிகம் பார்க்கிறேன். அதனால் இந்த விஷயத்தில் சொல்வதற்குக் கொஞ்சம் இருக்கிறது.

முதலில் சாய்தளம். எங்கள் கரையில் மணல் ஓரிடத்தில் நிற்பதில்லை. தென்மேற்குக் காற்றுக் காலம் முழுக்க அலை சாய்வாக அடித்து மணலை வடக்கே தள்ளிக்கொண்டு போகும். ஐப்பசியில் வாடைக்காற்று தொடங்கினால் மணல் தெற்கே திரும்பும். கூட்டிக் கழித்துப் பார்த்தால் வடக்கே போவதுதான் அதிகம். சென்னைத் துறைமுகம் எழும்பிய பிறகு அதற்குத் தெற்கே மெரினா அகலமாகிக்கொண்டே போனதும், வடக்கே ராயபுரம் பக்கம் கடல் கரையை அரித்ததும் இதனால்தான். புதுச்சேரியிலும் 1980களின் கடைசியில் துறைமுகச் சுவர்கள் வந்தபின் நகரத்துக் கடற்கரை மணலை இழந்தது. இப்படி நடமாடும் மணலில் கான்கிரீட்டைப் போட்டால் ஒரு பருவத்தில் அது மணலுக்குள் புதைந்து கிடக்கும். அடுத்த பருவத்தில் அதன் நுனிக்கு அடியில் மணல் அரித்துப்போய், முழ உயரத்துக்குப் படி விழுந்து நிற்கும். அந்தப் படியில் படகை இறக்கினால் என்ன ஆகும் என்று சொல்ல வேண்டியதில்லை. அடியில் தாங்கல் இல்லாத கான்கிரீட் விரிசல் விடும், உடையும். உடைந்ததைக் காப்பாற்றக் கல் கொட்டுவார்கள். கல் கொட்டிய கரையில் படகு ஏற்றவே இடம் இருக்காது. கடைசியில் சாய்தளம் கேட்ட ஊர், அரிப்பைத் தடுக்கக் கடலுக்குள் நீட்டிப் போடும் கல் சுவரான தூண்டில் வளைவு கேட்டு மனு கொடுத்துக்கொண்டிருக்கும்.

இப்போது படகு எப்படி ஏறி இறங்குகிறது என்பதையும் வாசகர்களுக்குச் சொல்லிவிடுகிறேன். ஒரு காலத்தில் கட்டுமரம். அதைக் கடலுக்கு ஏற்ற மாதிரி மட்டுமல்ல, கரைக்கும் ஏற்ற மாதிரிதான் நம் ஆட்கள் கட்டினார்கள். கரை சேர்ந்ததும் கயிற்றை அவிழ்த்தால் மரம் தனித்தனி. ஆளுக்கொரு பக்கம் தோள் கொடுத்துத் தூக்கிப்போய் மேட்டில் காயப் போட்டுவிடலாம். 2004 சுனாமிக்குப் பிறகு நிவாரணமாக ஃபைபர் படகுகள் வந்து குவிந்தன. 28 அடி, 32 அடி நீளம். எஞ்சின், வலை, ஐஸ் பெட்டியோடு சேர்த்தால் ஒரு டன்னைத் தாண்டும். அதை அவிழ்க்கவும் முடியாது, தூக்கவும் முடியாது. படகு கொடுத்தவர்கள் யாரும் அதை மணலில் எப்படி ஏற்றுவது என்று யோசித்ததாகத் தெரியவில்லை. அந்த இடத்தை டிராக்டர் பிடித்துக்கொண்டது.

விடியற்காலையில் டிராக்டரின் முன்பக்கம் பழைய டயரைக் கட்டி, படகின் பின்பக்கத்தில் முட்டுக் கொடுத்து, அலைவாய் வரைக்கும் தள்ளுவார்கள். திரும்பி வரும்போது படகோட்டி ஒரு அலை பார்த்து, அதன் முதுகிலேயே முழு வேகத்தில் வந்து, கடைசி நொடியில் எஞ்சினைத் தூக்கிவிட்டுக் கரையில் ஏற்றுவார். பார்க்க அழகுதான். அதற்கப்புறம் அணியத்தில், அதாவது படகின் முன்முனையில், கயிறு மாட்டி, மேடு வரைக்கும் மணலோடு மணலாக இழுத்துப் போடுவார்கள். கரை அகலமான ஊர்களில் இந்த இழுவை நீளமானது. தொழிலுக்குப் போகிற நாளெல்லாம் போக ஒரு தடவை, வர ஒரு தடவை.

அப்படி இழுபட்ட படகைக் கவிழ்த்துப் பாருங்கள். அடியில் நடுவே நீளமாக ஓடும் ஏராவின் பின்பாதியில் ஜெல்கோட் என்ற வழவழப்பான மேல்பூச்சு இருக்காது. கயிறு இழுக்கும்போது அணியம் மேலே தூக்கிக்கொள்ளும், பாரம் முழுக்கப் பின்பாதியில் இறங்கும். அதனால் தேய்வது அங்கேதான். ஜெல்கோட்டுக்கு அடியில் இருக்கும் கண்ணாடி இழை தேங்காய் நார் போலப் பிரிந்து நிற்கும். கட்டை விரலால் அழுத்தினால் நீர் கசியும். உள்ளே பலத்துக்காக வைத்த மரக்கட்டை அந்த நீரைக் குடித்துவிட்டு உப்பிக் கிடக்கும். படகு கனக்கும், கனத்த படகு இன்னும் அழுந்தித் தேயும். இதைச் சரியாகச் செய்வதென்றால் தேய்ந்த இடத்தைச் சுரண்டி, நன்றாகக் காய வைத்து, அப்புறம்தான் மேட் என்ற கண்ணாடி இழை விரிப்பையும் ரெசின் என்ற பிசினையும் போட வேண்டும். ஈரத்தின் மேல் போட்ட மேட் ஒட்டாது, பொரிந்து வந்துவிடும். ஆனால் படகுக்காரர் பாடு அவருக்கு. “மீன் படுது தம்பி, இன்னைக்கே போட்டுக் குடுத்துடு” என்பார். போட்டுக் கொடுப்போம். கொஞ்ச நாளில் அதே படகு அதே இடத்தில் ஓட்டையோடு திரும்பி வரும். எனக்கு வருமானம்தான், இருந்தாலும் சொல்கிறேன்.

இதற்கு வழி, படகைத் தாங்கும் இரண்டு சக்கர வண்டி, அதாவது டிரெய்லர். புதிய யோசனை ஒன்றும் இல்லை. பக்கத்து ஊர் ஒன்றில் பழைய கார் ஆக்சிலில் சேனல் இரும்பை வெல்டிங் வைத்து ஒரு வண்டி செய்தார்கள். முதல் நாளே மணலில் சக்கரம் புதைந்து, இப்போது துருப்பிடித்துக் கிடக்கிறது. “நம்ம மணலுக்கு வண்டி ஆகாது” என்று அதோடு முடிவு கட்டிவிட்டார்கள். மணல் மேல் தப்பில்லை, டயர் மேல்தான். ரோட்டில் ஓடுகிற ஒல்லி டயரில் ரோட்டுக்கு அடிக்கிற காற்றையே அடித்திருந்தார்கள். கணக்கு சுலபம். ஒரு டயரின் மேல் 500 கிலோ பாரம் என்று வைத்துக்கொள்ளுங்கள். 30 பவுண்டு காற்று இருந்தால் அந்த டயர் தரையில் படும் பரப்பு ஏறக்குறைய 240 சதுர சென்டிமீட்டர். அகலமான டயராகப் போட்டு 12 பவுண்டுக்கு இறக்கினால் அது 600 ஆகிவிடும். அதே பாரம் இரண்டரை மடங்கு இடத்தில் பரவும். ஆஸ்திரேலியாவில் கடற்கரையில் படகு இறக்குகிறவர்கள் இழுக்கும் வண்டி, டிரெய்லர் இரண்டிலும் காற்றைக் குறைத்துக்கொண்டுதான் மணலில் கால் வைப்பார்கள். ரோட்டுக்கு ஏறும்போது மறுபடி அடித்துக்கொள்வார்கள். நம் வண்டி ரோட்டுக்கே போகப் போவதில்லை, அந்த வேலையும் மிச்சம்.

ஒன்றை மட்டும் அவர்களைப் பார்த்து அப்படியே செய்யக் கூடாது. மேற்கு ஆஸ்திரேலியாவின் புரூம் நகரில் கேபிள் பீச்சில் வண்டியோடு படகைத் தண்ணீருக்குள் கொண்டுபோய் மிதக்க விட்டுவிடுவார்கள். அங்கே ஓதம், அதாவது கடல் நீர் மட்டம், பல மீட்டர் ஏறி இறங்கும், கரை கெட்டியாகத் தட்டையாக இருக்கும், அமைதியான நாளும் கிடைக்கும். இங்கே ஓதம் ஒரு மீட்டர் ஏறி இறங்கினால் பெரிது. கரை செங்குத்து, அலை நேரே வந்து உடையும். இடுப்பளவு நீரில் வண்டி மேல் நிற்கும் படகை அலை ஒரு தடவை தூக்கி வண்டி மேலேயே போட்டால் அடிப்பக்கம் கிழிந்துவிடும். அலை திரும்பி ஓடும்போது சக்கரத்தைச் சுற்றி மணலை வாரிக்கொண்டு போவதால், நின்ற இடத்திலேயே வண்டி புதையும். ஆகவே இங்கே வண்டி கெட்டியான ஈர மணல் வரைக்கும் வந்தால் போதும். அங்கே நின்று, வண்டியில் பொருத்திய ரப்பர் உருளைகள் மேல் படகு வழுக்கி இறங்கட்டும். கடைசி இரண்டு படகு நீளத்துக்குப் பழையபடி தள்ளிக்கொள்ளலாம். வரும்போதும் அப்படியே, ஈர மணலில் நிற்கும் வண்டி மேல் கை வின்ச்சால், அதாவது கயிற்றைச் சுற்றி இழுக்கும் கைச்சுழற்றியால், இழுத்து ஏற்ற வேண்டியதுதான். மொத்த இழுவையில் பெரும்பகுதி சக்கரத்துக்கு மாறிவிட்டால் ஏரா பிழைத்துக்கொள்ளும்.

துரு பற்றிக் கேட்பீர்கள். நியாயமான கேள்வி. இரும்பு முழுக்கத் துத்தநாக முலாம் இல்லாமல் வண்டி செய்வது வீண் செலவு. பேரிங்கில் கிரீஸ் நிறைத்து வைக்க வேண்டும், தினமும் நல்ல தண்ணீர் விட்டுக் கழுவ வேண்டும். வண்டி தண்ணீருக்குள் இறங்காது என்பதால் இதில் பாதிக் கஷ்டம் குறையும்.

படகைக் கரையேற்றுவதற்கு மற்ற நாட்டுக்காரர்கள் எவ்வளவு மெனக்கெடுகிறார்கள் என்பதையும் பார்க்க வேண்டும். நியூசிலாந்தில் நகாவி என்ற சின்ன மீன்பிடி ஊரில் கரை நெடுக புல்டோசர்கள் நிற்கும். ஒவ்வொன்றின் பின்னாலும் ஒரு டிரெய்லர், அதன் மேல் படகு. டென்மார்க்கின் தோருப் ஸ்ட்ராண்டில் கரையில் வின்ச் வைத்துப் படகுகளை மணலில் ஏற்றுகிறார்கள். பிரிட்டனில் கடலில் சிக்கியவர்களை மீட்கும் ஆர்.என்.எல்.ஐ. அமைப்பு, 2014 முதல் ஷானன் வகைப் படகுகளைப் பயன்படுத்துகிறது. அதற்கென்றே செய்த டிராக்டரோடு, படகைத் தாங்கும் தொட்டில் ஒன்றும் வரும்; அது படகோடு அப்படியே சுழலும். அணியம் முன்னால் வரக் கரையேறிய படகைக் கடல் பார்க்கத் திருப்பி வைத்துவிடுவார்கள். நம் ஊரில் அந்தத் திருப்புகிற வேலைக்குப் பத்துப் பேர் பக்கவாட்டில் நின்று தம் பிடிக்கிறார்கள். நம்மிடமும் முயற்சி நடக்காமல் இல்லை. 1979இல் சென்னையைத் தலைமையிடமாகக் கொண்டு தொடங்கிய, ஐ.நா. உணவு வேளாண்மை அமைப்பின் வங்காள விரிகுடாத் திட்டம், இந்தக் கரைக்காகவே அலையில் இறங்கி ஏறும் படகுகளை வடிவமைத்துச் சோதித்தது. அந்த யோசனைகளைத் தூசு தட்டிப் பார்க்கலாம்.

டிராக்டரே வேண்டாம் என்று நான் சொல்லவில்லை. இழுக்க அது வேண்டும். ஆனால் மணலோடு உரசி வரும் பாரத்துக்கும் சக்கரத்தில் உருண்டு வரும் பாரத்துக்கும் கயிற்றில் வித்தியாசம் தெரியும். முறுக்கேறிய கயிறு அறுந்தால் எந்தப் பக்கம் சாட்டையடிக்கும் என்று யாருக்கும் தெரியாது, அதன் பக்கத்தில்தான் சின்னப் பையன்கள் நிற்கிறார்கள். இன்னொன்று, தை முதல் பங்குனி ஆமை முட்டையிட இதே கரைக்குத்தான் வருகிறது. டிராக்டர் கண்டபடி ஓடினால் கூடு நசுங்கும், டயர் பள்ளத்தில் விழும் குஞ்சு கடலுக்குப் போய்ச் சேராது. வண்டிக்கென்று ஊர்ப் பஞ்சாயத்து ஒரே தடம் ஒதுக்கினால் இதுவும் குறையும்.

படகுக்கும் எஞ்சினுக்கும் மானியம் தரும் அரசு, ஊருக்கு நான்கைந்து பொது வண்டிகளுக்கும் ஒரு வின்ச்சுக்கும் தரட்டும். ஒரு சாய்தளத்துக்கு ஆகும் பணத்தில் எத்தனையோ ஊர்களுக்குச் செய்துவிடலாம் என்பது என் கணிப்பு. டெண்டர் விட்டு ஒரே அளவில் நூறு வண்டி செய்து இறக்கிவிடாமல், முதலில் இரண்டு ஊரில் இரண்டு விதமாகச் செய்து, படகோட்டிகள் கையில் கொடுத்துப் பார்க்க வேண்டும். அந்தச் சோதனையைக் கடல் அடங்கிக் கிடக்கும் மாசியில் வைக்காமல், கரை செங்குத்தாக வெட்டுப்பட்டுக் கிடக்கும் கார்த்திகையில் வைக்கச் சொல்லுங்கள்.

இப்படிக்கு,
ஃபைபர் படகுப் பட்டறைக்காரர்,
கடலூர் மாவட்டம்.