கண்ணாடியை இருவர் பிடிக்க வேண்டும்

உவர்மலை,
திருகோணமலை.

அன்புள்ள தம்பிக்கு அப்பா எழுதிக்கொள்வது. நாங்கள் இங்கே நலமாக இருக்கிறோம். கோணேசப் பெருமான் அருளால் நீங்களும் அங்கே நலமாக இருக்க வேண்டும். அம்மாவின் முழங்கால் நோ முன்னையைவிடப் பரவாயில்லை. சின்னக்கா வீட்டு விடயத்தை அடுத்த கடிதத்தில் விரிவாக எழுதுகிறேன். இப்போது நீ வாங்கிய, நாணயம் போட்டு நின்று விளையாடும் அந்தப் பழைய கலாகா விளையாட்டுப் பெட்டியைப் பற்றித்தான் எழுத வேண்டும், ஏனென்றால் நீ அனுப்பிய படங்களைப் பார்த்ததிலிருந்து என் மனம் வேறு எதிலும் நிற்கவில்லை. தொலைபேசியில் சொன்னால் "சரி அப்பா" என்று இரண்டு சொல்லில் முடித்துவிடுவாய். எழுத்தில் இருந்தால் வேலை செய்யும்போது பக்கத்தில் வைத்துப் பார்ப்பாய் என்ற எண்ணத்தில்தான், சின்னக்காவின் மகனைக் கொண்டு இந்தத் தாள்களைப் படமெடுத்து அனுப்புவிக்கிறேன்.

திரையைச் சுற்றியுள்ள, ஓவியம் அச்சிட்ட தகடான அந்தப் பெசலை மாற்றப் போவதாக எழுதியிருந்தாய். படத்தில் வலப்பக்கக் கீழ் மூலையிலிருந்து மேல்நோக்கி ஒரு வெடிப்பு வளைந்து ஓடுகிறது. அதைப் பார்த்தவுடனேயே அது சூடாக்கிக் கடினப்படுத்திய கண்ணாடி அல்ல என்று எனக்குத் தெரிந்துவிட்டது. கடினப்படுத்திய கண்ணாடியில் வெடிப்பு ஓடிப் பாதியில் நிற்பதில்லை. ஒரு மூலை விட்டால் முழுத் தகடும் கற்கண்டைப் போலச் சிறு துண்டுகளாகக் கொட்டிவிடும். ஆகவே உனக்கு முன் அந்தப் பெட்டியை வைத்திருந்த யாரோ சாதாரணக் கண்ணாடியில் ஓவியத்தை அச்சிட்டுப் போட்டிருக்க வேண்டும், அல்லது அது அக்ரிலிக் என்ற பிளாஸ்ரிக் தகடாக இருக்க வேண்டும். விரல் முட்டியால் மெதுவாகத் தட்டிப் பார். கண்ணாடியானால் கணீரென்று கேட்கும், உள்ளங்கையை வைத்தால் குளிரும். அக்ரிலிக் மந்தமாக ஒலிக்கும், குளிர்ச்சியும் இராது.

சாதாரணக் கண்ணாடி என்று தெரிந்தால் மீண்டும் அதையே போடாதே. விலை குறைவு என்று கடைக்காரர் சொன்னாலும் போடாதே. அது உடைந்தால் கத்தி கத்தியாக உடையும், அந்தப் பெட்டியில் அது பேத்தியின் முகம் வரும் உயரத்தில் இருக்கிறது. அவள் அதன் முன் நின்று விளையாடுகிறாளா என்று நீ எழுதவில்லை. தைப்பொங்கலுக்குப் பிறகு நாங்கள் அவளுடைய குரலைக் கேட்கவில்லை. பள்ளிக்கூட வேலை அதிகமாக இருக்கலாம் என்று அம்மா சொல்கிறா.

கடினப்படுத்திய கண்ணாடி எடுப்பதானால் அளவு மிகச் சரியாக இருக்க வேண்டும். அதை 600 பாகை செல்சியசுக்கு மேல் சூடாக்கிக் காற்றடித்துச் சட்டென்று குளிரவைக்கிறார்கள். மேற்பரப்பு அமுங்கியும் உட்பகுதி இழுபட்டும் அப்படியே உறைந்துவிடுவதுதான் அதன் பலம். அதன் பிறகு வெட்டவும் முடியாது, துளையிடவும் முடியாது, ஓரத்தைச் சிறிது தேய்த்துக் குறைக்கவும் முடியாது. அளவு தவறினால் முழுக் காசும் வீண். அக்ரிலிக் என்றால் வீட்டிலேயே வெட்டலாம், எடையும் கண்ணாடியில் பாதிதான். ஆனால் அது சூட்டில் விரியும், குளிரில் சுருங்கும். குளிர்காலத்தில் உங்கள் ஊர் வீடுகள் உள்ளே சூடாகவும் வெளியே உறைந்தும் கிடப்பதால், பெட்டியின் தவாளிப்புக்குள் ஒவ்வொரு பக்கமும் 2 மில்லிமீற்றராவது இடம் விடு. இறுக்கிச் செருகினால் சில மாதங்களில் நடுவில் வயிறு தள்ளும்.

பாடசாலை விட்டு வந்ததும் மத்திய வீதியில் இருந்த நம் கண்ணாடிக் கடையில் ஒரு மணி நேரம் நிற்கச் சொன்னால் டச்பே கடற்கரைக்கு ஓடிய பிள்ளை நீ. கண்ணாடித் தூள் என்றால் உனக்கு அருவருப்பு. இன்று உன் கையால் ஒரு சட்டத்தை அளந்து மாற்றப் போகிறாய் என்று நினைக்கும்போது எனக்கு இருக்கும் பெருமையை இந்தத் தாளில் எழுதி முடிக்க இயலாது. அந்தக் கலாகா 1981இல் யப்பானில் நாம்கோ நிறுவனம் உருவாக்கிய விளையாட்டு, வட அமெரிக்காவில் மிட்வே வெளியிட்டது என்று எழுதியிருந்தாய். அந்த ஆண்டில் இங்கே அரசுத் தொலைக்காட்சியான ரூபவாகினியே தொடங்கியிருக்கவில்லை; அது 1982இல்தான் வந்தது. அவ்வளவு பழைய பொருளைக் குப்பைக்குப் போகவிடாமல் எடுத்துத் திருத்த நினைப்பது நல்ல குணம். அதற்குக் கொடுத்த காசைப் பற்றி நான் ஒன்றும் சொல்லவில்லை. கேட்டிருந்தால் சொல்லியிருப்பேன்.

ஓவியத்தைப் பற்றி ஒன்று கவனமாகக் கேள். அந்தத் தகட்டில் வண்ணம் பின்பக்கத்தில்தான் அச்சிடப்பட்டிருக்கும். விளையாடுபவர் கண்ணாடியினூடாக அதைப் பார்க்கிறார். கடைப் பெயர்ப்பலகைகளுக்குக் கண்ணாடியின் பின்னால் எழுத்துகளைத் திருப்பி எழுதுவேனே, அதே முறைதான். முன்னால் தெரிய வேண்டிய கோடு முதலில் விழும், நிறம் அதன்மேல் வரும், எல்லாவற்றுக்கும் பின்னால் ஒளி ஊடுருவாதபடி கடைசிப் பூச்சு. எனவே பழைய தகட்டைத் துடைக்கும்போது முன்பக்கத்தைச் சவர்க்காரத் தண்ணீரில் பிழிந்த துணியால் துடை. பின்பக்கத்தில் காய்ந்த மெல்லிய துணி மட்டும் படட்டும். கடையில் விற்கும் நீல நிறக் கண்ணாடித் திரவத்தைத் தொடாதே. அதில் அமோனியா இருந்தால் பழைய வண்ணம் உரிந்து துணியோடு வந்துவிடும், அக்ரிலிக் தகட்டிலும் நுண்ணிய வெடிப்புகள் படரும். பழைய தகட்டை எறிந்துவிடாதே. புதிதாக அச்சிடுபவருக்கு நிறம் காட்ட அது வேண்டும்.

உட்புறத்துக் கறுத்த மட்டைதான் எனக்குச் சொந்தமான வேலை. படக்குழாய்க்கும் பெட்டியின் பலகைக்கும் இடையில் உள்ள வெளியை மறைப்பது அதுதான். உன்னுடையது ஈரம் குடித்து உப்பிப்போயிருக்கிறது. புதியது வெட்டுவதானால் நடுவிலும் கறுப்பாக உள்ள மட்டையே வேண்டும். மேலே மட்டும் கறுத்த மட்டையைச் சரிவாக வெட்டினால் உள்ளே உள்ள வெள்ளை, திரையைச் சுற்றி ஒரு கோடாகத் தெரியும். இருட்டில் விளையாடும்போது கண் அதையே தேடிப் போகும். படக்குழாயின் முகம் நேர்ச்சதுரம் அன்று. நான்கு பக்கமும் சற்று வெளியே வளைந்திருக்கும், முகமும் உப்பியிருக்கும். அதனால் அளவுகோலை வைத்து அளந்தால் போதாது. முதலில் பழுப்புத் தாளைத் திரையின்மேல் வைத்து ஓரத்தை நகத்தால் அழுத்திக் கோடு எடு. அந்தத் தாளை வெட்டிப் பொருத்திப் பார்த்துச் சரிவந்த பிறகே மட்டையில் கத்தியை வை. துவாரத்தைக் கோட்டுக்குச் சற்று உள்ளே சிறிதாக வெட்டி, பிறகு மண்தாளால் தேய்த்துப் பெருப்பித்து வா. சிறியதைப் பெரியதாக்கலாம், பெரியதை ஒன்றும் செய்ய முடியாது. விளையாட்டு நெடுக்காகத் தெரிவதற்காகப் படக்குழாயை அந்தப் பெட்டியில் பக்கவாட்டில் திருப்பி நிறுத்தியிருப்பார்கள் என்பதால், மட்டையும் நெடுக்குவாட்டில்தான் வர வேண்டும். பளபளப்புத் தாள் ஒட்டிய மட்டையையோ உலோகப் பூச்சு உள்ளதையோ ஒருபோதும் பயன்படுத்தாதே. பின்னால் இருக்கும் மின்சாரம் அதற்குத் தாவக்கூடும்.

அந்த மின்சாரத்தைப் பற்றித்தான் எனக்கு இரவில் நித்திரை வருவதில்லை. சின்னமாமாவின் கை உனக்கு நினைவிருக்கும். அன்று நீயும் கடையில் நின்றாய். அது தொலைக்காட்சிப் பெட்டி, இது விளையாட்டுப் பெட்டி என்று நினைக்காதே. உள்ளே இருப்பது அதே படக்குழாய். உங்களுக்குச் சுவரிலிருந்து 120 வோல்ட் வருகிறது, எங்களுக்கு 230 வோல்ட், ஆனால் 19 அங்குல வண்ணப் படக்குழாயின் பக்கத்தில் அந்த இறப்பர் மூடிக்குக் கீழே போய்ச் சேரும்போது அது இரண்டு ஊரிலும் 20,000 வோல்ட் அளவில் நிற்கும். செருகியைப் பிடுங்கினால் போய்விடும் என்று எண்ணாதே. குழாயின் கண்ணாடியே உள்ளும் புறமும் பூச்சுப் பூசிய மின்தேக்கியாக இருப்பதால், நாட்கணக்கில் அதைப் பிடித்து வைத்திருக்கக்கூடும்.

பெரும்பாலான பெட்டிகளில் பெசலை முன்பக்கத்தாலேயே கழற்றலாம். நாணயக் கதவைத் திறந்து, உள்ளே கைவிட்டுப் பொத்தான் பலகையின் கொக்கிகளை விடுவித்து, பலகையை மெதுவாகச் சாய்த்தால் தகட்டின் கீழ் ஓரம் தெரியும். அதைப் பிடித்து வைத்திருக்கும் கட்டையையோ திருகாணிகளையோ எடுத்தால் தகடு வழுக்கி வெளியே வரும். அதனால் பின்கதவைத் திறக்கும் தேவை உனக்கு இல்லை. படக்குழாயை வெளியே எடுக்கத்தான் வேண்டும் என்று ஒரு நிலை வந்தால் அதோடு வேலையை நிறுத்திவிட்டு, படக்குழாய் வேலை தெரிந்த ஒருவரைக் கூப்பிடு. அவர் வந்து, முதலில் வயரின் ஒரு முனையைப் படக்குழாய் பொருத்தியிருக்கும் இரும்புச் சட்டத்தில் கொழுவி, மறு முனையை நீண்ட பிடியுள்ள தட்டை ஸ்குரூ ட்ரைவரில் கட்டி, ஒரு கையை முதுகுக்குப் பின்னால் வைத்துக்கொண்டு மற்றக் கையால் அதன் நுனியை இறப்பர் மூடிக்குக் கீழே நுழைத்து, சத்தம் கேட்ட பின்னும் சற்றுப் பொறுத்து மறுபடியும் ஒருமுறை அப்படியே செய்வார். போன மின்சாரம் மீண்டும் ஊறும் என்பதால் இரண்டாம் முறையும் வேண்டும். நீ இதை வாசித்துவிட்டு நீயே செய்யலாம் என்று நினைத்துவிடக் கூடாது. அவர் சரியாகச் செய்கிறாரா என்று பக்கத்தில் நின்று பார்க்கத்தான் எழுதுகிறேன்.

படக்குழாயின் கழுத்து மிக மெல்லியது, உள்ளே வெற்றிடம். கழுத்து முறிந்தால் காற்றுப் புகுந்து குழாய் வீணாகும், முகம் உடைந்தால் கண்ணாடி பறக்கும். கண்ணுக்குக் கண்ணாடி போடு. மோதிரத்தைக் கழற்றி வை.

நீ அனுப்பிய மூன்றாவது படத்தில், தகட்டை நேராக நின்று எடுத்திருக்கிறாய். கண்ணாடி வேலை செய்தவன் எதைப் பார்த்தாலும் முதலில் அதில் விழும் பிம்பத்தைத்தான் பார்ப்பான். உன் முகத்தைத் தொலைபேசி மறைக்கிறது. உனக்குப் பின்னால் திரைச்சீலை இல்லாத யன்னல், சுவரோடு சாய்த்த ஒற்றை மெத்தை, நாடா ஒட்டிப் பிரிக்காத பெட்டிகள். அது உங்கள் வீட்டு மண்டபம் அல்ல. அம்மா அந்தப் படத்தைப் பெரிதாக்கிப் பார்க்கவில்லை, நானும் காட்டவில்லை.

அதனால் ஒன்றை மட்டும் கேட்கிறேன். அந்தத் தகட்டைக் கழற்றும் நாளில் மறுபக்கத்தை யார் பிடிப்பார்கள்? வெடித்த தகட்டை ஒருவர் தனியே உருவினால் பாரம் ஒரு மூலையில் விழுந்து, வெடிப்பு ஓடி, கையில் பிளந்துவிடும். நாடாவைக் குறுக்கும் நெடுக்குமாக ஒட்டிய பிறகும் இரண்டு பேர் இரண்டு பக்கமும் பிடித்து ஒரே நேரத்தில் இழுக்க வேண்டும். மின்சாரப் பெட்டிக்கு முன்னால் தனியே நிற்பதும் கூடாது. ஏதாவது நடந்தால் கூப்பிட ஒரு குரலாவது வேண்டும். கடையில் எவ்வளவு அவசர வேலை வந்தாலும் பெரிய தகடுகளுக்குச் சின்னமாமா வரும்வரை நான் காத்திருந்ததை நீ பார்த்திருக்கிறாய். மருமகள் பிடிப்பா என்றால் அவவுக்கும் தடித்த கையுறை வாங்கிக் கொடு. மருமகள் அங்கே இல்லை என்றால் அதையும் எழுது. நான் அதற்கு மேல் எதுவும் கேட்க மாட்டேன், அம்மாவிடமும் நீ சொல்லும்வரை சொல்ல மாட்டேன். யாரும் இல்லை என்றால் உன்னோடு படித்த பிள்ளைகள் அந்த ஊரிலேயே இருக்கிறார்கள். ஒருவரைக் கூப்பிடக் கூச்சப்படாதே. ஆள் வரும்வரை பெட்டி அப்படியே நிற்கட்டும். இத்தனை ஆண்டுகள் நின்ற பெட்டிக்கு இன்னும் சில நாட்களால் ஒன்றும் ஆகாது.

மட்டையை நீ அங்கே வெட்ட வேண்டாம். கடையைக் கொடுத்துவிட்டாலும் சரிவாக வெட்டும் கத்தியும் இரும்புக் கோலும் என்னிடம் இருக்கின்றன, கையும் இன்னும் நடுங்கவில்லை. பழுப்புத் தாளில் எடுத்த கோட்டைச் சுருட்டித் தபாலில் போடு; மடிக்காதே, மடித்தால் வளைவு மாறிவிடும். பெட்டியின் உட்பக்க அகலத்தை மேலும் நடுவும் கீழுமாக மூன்று இடத்தில் அளந்து மில்லிமீற்றரில் குறி. பழைய பலகைகள் எங்கும் ஒரே அகலமாக இருப்பதில்லை. பின்புறத்தில், அன்று உன்னோடு நிற்கப் போகிறவரின் பெயரையும் எழுது. அந்தப் பெயரைப் பார்த்த பிறகுதான் மட்டையை வெட்டுவேன்.

அன்புள்ள
அப்பா